மேட்டூர் திறந்தாச்சா? நெல் ஊருக்கு லேப்டாப்போடு குடிபோகும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

ரிமோட் வேலை பத்தின எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான். "ப்ரோ, நீங்க மன்னார்குடியில உட்கார்ந்து கோட் எழுதுறீங்களாமே, அங்க எப்படி இருக்கு? நாங்களும் வரலாமா? அஞ்சு சென்ட் மனை வாங்கிப் போடலாமா?"

வரலாமாங்கிற கேள்விக்கு என் பதில் "தாராளமா வாங்க". மனை வாங்கலாமாங்கிறதுக்கு அவ்வளவு சுலபமா பதில் சொல்ல முடியாது. இந்த ஊர் எப்படி ஓடுதுன்னு தெரியாம அதைச் சொன்னா தப்பாயிடும். அதனால இன்னைக்கு முதல்ல ஊர், அப்புறம் வரலாறு, கடைசியா மனை.

ஊரோட காலண்டர் 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கு

மன்னார்குடி திருவாரூர் மாவட்டத்துல, காவிரி டெல்டாவுக்குள்ள இருக்கு. டீக்கடையில ஜூன் மாசம் முதல் கேள்வி கிரிக்கெட் ஸ்கோர் இல்ல. "மேட்டூர்ல எத்தனை அடி?"

மேட்டூர் அணை கட்டி முடிச்சது 1934-ல. முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கனஅடி, அதாவது சுமார் 2,831 கோடி லிட்டர். அணையிலிருந்து விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க விட்டா ஒரு டிஎம்சி காலி. இந்தக் கணக்கை இங்க இருக்கிற பெரியவங்க மனசுலயே போடுவாங்க. நான் கால்குலேட்டர் எடுக்கிறதுக்குள்ள அவங்க விடை சொல்லியாச்சு.

வழக்கமா அணை திறக்கிற நாள் ஜூன் 12, மூடுற நாள் ஜனவரி 28. ஆனா அந்தத் தேதி அணையில தண்ணி இருந்தாத்தான். 2019-ல ஆகஸ்ட் 13 வரைக்கும் காத்திருந்தாங்க. 2022-ல மே 24-லயே திறந்துட்டாங்க. 2024-ல ஜூலை 28 ஆச்சு. மேல கர்நாடகத்துல மழை எப்படி, அங்கிருந்து எவ்வளவு விடுறாங்க என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். 2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்குன்னு சொன்ன அளவு வருஷத்துக்கு 177.25 டிஎம்சி. மழை நல்லா பெய்ஞ்ச வருஷம் யாரும் அதைப் பத்திப் பேசுறதில்ல. பெய்யாத வருஷம் வேற எதுவும் பேசுறதில்ல.

திறந்த தண்ணி கல்லணைக்கு வர மூணு நாலு நாள் ஆகும். கல்லணையில அது காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு பிரியுது. நம்ம ஊருக்கு வர்றது வெண்ணாறு வழியா. நீடாமங்கலம் பக்கத்துல மூணாறு தலைப்புன்னு ஒரு இடம் இருக்கு. வெண்ணாறு அங்க வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு மூணாப் பிரியும். நெட்வொர்க் தெரிஞ்சவங்களுக்கு இது பழக்கமான படம்தான்: மேல ஒரு சர்வர், நடுவுல ரவுட்டர், கீழ ஆயிரக்கணக்கான வாய்க்கால். வித்தியாசம் என்னன்னா, இங்க பாக்கெட் தொலைஞ்சா திரும்ப அனுப்ப முடியாது. கடைசியில இருக்கிற வயலைக் கடைமடைன்னு சொல்வாங்க. மேல பத்து இடத்துல அடைப்பு இருந்தா கடைமடைக்கு ஈரம்கூட வராது. ஏப்ரல், மே மாசத்துல "தூர்வாரியாச்சா, தூர்வாரியாச்சா"ன்னு ஊரே கேட்கிறது அதனாலதான்.

குறுவை, சம்பா, தாளடி: ஒரு வருஷம் எப்படிப் போகுது

ஜூன்ல ஆரம்பிக்கிறது குறுவை. பேருக்கேத்த மாதிரி குறுகிய காலப் பயிர், நாலு மாசத்துக்குள்ள அறுவடை. ஆகஸ்ட் வாக்குல ஆரம்பிச்சு பொங்கலை ஒட்டி அறுக்கிற நீண்ட காலப் பயிர் சம்பா. குறுவை அறுத்த வயல்லயே அடுத்து நடுறது தாளடி. அணை லேட்டா திறந்தா குறுவை போச்சு, சம்பா மட்டும்தான். இரண்டு போகம் ஒரு போகம் ஆயிடும். போர் போட்டு மோட்டார் வெச்சிருக்கிறவங்க தப்பிச்சுக்குவாங்க, மத்தவங்க பார்த்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.

குறுவைக்கு இன்னொரு சிக்கல் இருக்கு. அது அறுவடைக்கு வர்ற நேரமும் வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கிற நேரமும் ஒண்ணு. அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துல நெல்லோட ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு விதி. மழை பெய்ஞ்சா அது எப்படி 17-ல நிக்கும்? ஒவ்வொரு வருஷமும் தளர்வு கேட்பாங்க, மத்தியக் குழு வந்து பார்க்கும். அதுக்குள்ள ரோட்டுல கொட்டிக் காய வெச்ச நெல் முளைக்க ஆரம்பிச்சிருக்கும். அக்டோபர்ல இந்தப் பக்கம் கார்ல வந்து "பாதி ரோட்டை நெல் அடைச்சிருக்கு"ன்னு ஹாரன் அடிக்காதீங்க. அந்த 40 கிலோ சிப்பம் ஒவ்வொண்ணும் ஒரு வீட்டோட பள்ளிக் கட்டணம், நகைக்கடன் வட்டி.

சம்பா அறுக்கிறதுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி, பயிர் நிக்கும்போதே நடுவுல உளுந்து, பயறு தெளிப்பாங்க. தண்ணி பாய்ச்ச மாட்டாங்க. மண்ணுல மிச்சமிருக்கிற ஈரம், பனி, அவ்வளவுதான். ஆள் வெச்சு அறுத்த காலத்துல இது அருமையா வந்துச்சு. இப்ப ஆள் கிடைக்கிறதில்ல, அறுவடை மிஷின்தான். ஈர வயல்ல பெல்ட் வண்டி ஏறி இறங்கினா முளைச்ச உளுந்து நசுங்கும். ஒரு பிரச்சினைக்குத் தீர்வு கண்டுபிடிச்சா பக்கத்துல இன்னொண்ணு உடையும்னு நமக்குத் தெரியும்ல, அதேதான்.

மதிலழகு, அப்புறம் மதிலுக்கு வெளியே

"மன்னார்குடி மதிலழகு"ன்னு பழமொழியே உண்டு. சோழர் காலத்துல தொடங்கி, தஞ்சை நாயக்கர் காலத்துல பெருசான ராஜகோபாலசுவாமி கோயிலோட மதில் அது. கோயிலோட தெப்பக்குளம் ஹரித்ரா நதி, சுமார் 23 ஏக்கர். குளத்தை நதின்னு கூப்பிடுற ஊர் வேற எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. பங்குனியில 18 நாள் திருவிழா, அதுல வெண்ணெய்த்தாழி அன்னைக்குப் பெருமாள் மேல வெண்ணெய் வீசுவாங்க. அன்னைக்கு மீட்டிங் வெச்சுக்காதீங்க, தெருவுல நடக்கவே முடியாது. கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர்ல திருவாரூர். தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூணு பேரும் பிறந்த ஊர்.

ஆனா "அழகான பழைய ஊர்"னு மட்டும் சொல்லி நிறுத்தினா பாதி வரலாறு விட்டுப்போகும். இந்த மண்ணுல நிலத்தை இன்னமும் மா, வேலின்னு சொல்வாங்க. மூணு மா ஒரு ஏக்கர், 20 மா ஒரு வேலி. நூத்துக்கணக்கான வேலி வெச்சிருந்த பண்ணையார்கள் ஒரு பக்கம், தலைமுறை தலைமுறையா அந்த நிலத்துல பண்ணையாளா இருந்தவங்க இன்னொரு பக்கம். அவங்கள்ல பெரும்பாலானவங்க தலித் மக்கள். பண்ணையாள் பாதுகாப்புக்குன்னு தஞ்சாவூருக்குத் தனியா ஒரு சட்டம் 1952-ல வந்ததுன்னா, நிலைமை எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுக்கோங்க. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள்ள எரிச்சுக் கொல்லப்பட்டாங்க. பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். அதுவும் இதே டெல்டாதான்.

இதை ஏன் சொல்றேன்னா, நீங்க குடிவந்த முதல் வாரத்துல யாராவது "தம்பி யாரு வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு?"ன்னு கேட்பாங்க. பல நேரம் அது வெறும் அன்புதான், அடுத்த நிமிஷம் காபி வரும். சில நேரம் அந்தக் கேள்விக்குள்ள வேற கேள்வி இருக்கும். வீடு வாடகைக்குத் தேடும்போது இது தெளிவாத் தெரியும். சிறு ஊர்ல எல்லாரும் எல்லாரையும் தெரிஞ்சு வெச்சிருப்பாங்கங்கிறது ஒருத்தருக்குப் பாதுகாப்பு, இன்னொருத்தருக்கு மூச்சு முட்டல். இரண்டும் உண்மை.

சரி, வேலை பார்க்க முடியுமா?

முடியும். நான் இரண்டு வருஷமா பார்க்கிறேன். ஃபைபர் லைன் இருக்கு, வீடியோ கால் நல்லாவே போகுது. மாதாந்திர பராமரிப்புன்னு ஒரு நாள் பகல் முழுக்க கரண்ட் இருக்காது. தேதி முன்னாடியே அறிவிப்பாங்க, இன்வெர்ட்டர் கட்டாயம். சென்னைக்கு ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸ் ஏறினா காலையில எழும்பூர். பல வருஷம் ரயிலே இல்லாம இருந்த ஊருக்கு 2011-ல திரும்ப ரயில் வந்தது, அதோட அருமை இங்க எல்லாருக்கும் தெரியும்.

வாடகை நான் சென்னையில கொடுத்ததுல பாதிக்கும் கீழ. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல பசிச்சா வீட்டுல என்ன இருக்கோ அதுதான். பெரிய வைத்தியம்னா தஞ்சாவூர் ஓடணும், வயசான பெற்றோரோட வர்றவங்க இதை முதல்ல யோசிங்க. மழைக்காலத்துல பாம்பு வரும், வாசல்ல லைட் போட்டுட்டுக் காலை வைங்க. புயல் இன்னொரு விஷயம். 2018 நவம்பர் 16-ல கஜா அடிச்சப்போ இந்தப் பக்கம் தென்னந்தோப்புகள் அப்படியே சாய்ஞ்சது, பல கிராமங்களுக்கு வாரக்கணக்குல கரண்ட் வரல. தென்னை திரும்பக் காய்க்கப் பல வருஷம் ஆகும். அந்தக் கடனை இன்னமும் கட்டிக்கிட்டு இருக்கிறவங்க இருக்காங்க.

இப்ப அந்த அஞ்சு சென்ட் மனை

வர்ற விளம்பரம் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்: "பச்சைப் பசேல்னு வயல் நடுவே உங்கள் கனவு இல்லம்." இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. டெல்டா வயல் தனித்தனி பெட்டி இல்ல. தண்ணி மேட்டுலேர்ந்து பள்ளத்துக்குத் தானா ஓடணும். பாசன வாய்க்கால் கொண்டு வரும், வடிகால் வெளிய கொண்டு போகும். நிறைய இடத்துல ஒருத்தர் வயல் வழியாத்தான் அடுத்தவர் வயலுக்குத் தண்ணி. மோட்டார் இல்ல, வால்வு இல்ல, சில அங்குல உயர வித்தியாசம்தான் மொத்த டிசைனும்.

இதுக்கு நடுவுல ஒருத்தர் இரண்டு ஏக்கரை வாங்கி, ரோடு மட்டத்துக்கு மூணு அடி மண்ணடிச்சு, மனை போடுறார்னு வைங்க. பின்னாடி இருக்கிற வயலுக்கு ஜூன்ல தண்ணி வராது. நவம்பர்ல வந்த தண்ணி போகாது. நாலு நாள் மூழ்கின இளம்பயிர் அழுகிடும். இரண்டு வருஷம் இப்படிப் போனா அந்த விவசாயிக்கு வேற வழியில்ல, அவரும் மனைக்காரர்கிட்ட வித்துடுவார். குத்தகைக்கு உழுதவருக்கு அந்தப் பணத்துல பங்கு கிடைக்கும்னு நிச்சயம் இல்ல. நாத்து நட்ட அக்காவுக்கு ஒரு ரூபாய்கூட வராது. ஒரே ஒரு மனைப் பிரிவு, அதைச் சுத்தி எத்தனை வயல் நிக்குதுன்னு எண்ணிப் பாருங்க.

"டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு அறிவிச்சாச்சே"ன்னு கேட்பீங்க. ஆமா, 2020 பிப்ரவரியில சட்டம் வந்தது. இதே மன்னார்குடி பக்கம் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்கிற திட்டத்தை எதிர்த்து மக்கள் நின்னாங்க. நம்மாழ்வார் 2013 டிசம்பர்ல இறக்கிற வரைக்கும் அதுக்காக ஊர் ஊராப் பேசினார். அந்தப் போராட்டங்களோட தொடர்ச்சிதான் இந்தச் சட்டம். புதுசா எண்ணெய், எரிவாயு எடுக்கிறது, உருக்காலை, தோல் தொழிற்சாலை மாதிரியானதை அது தடுக்குது. வீட்டு மனை அந்தப் பட்டியல்ல இல்ல. மீத்தேனுக்கு எதிரா ஊரே திரண்டது. மனைக்கு எதிரா யாரும் திரள்றதில்ல, ஏன்னா வாங்குறது நாம.

அதனால என் யோசனை இவ்வளவுதான். முதல் வருஷம் ஊருக்குள்ள வாடகைக்கு இருங்க. ஒரு ஜூன், ஒரு நவம்பர், ஒரு பொங்கல் பார்த்துடுங்க. பிடிச்சிருந்தா பழைய தெருக்கள்ல பூட்டிக் கிடக்கிற வீடுகள் நிறைய இருக்கு, அதுல ஒண்ணை வாங்கிச் சரி பண்ணுங்க. மனைதான் வேணும்னா பட்டாவுல நஞ்சையா புஞ்சையான்னு பாருங்க. புல வரைபடத்துல வாய்க்கால் போற கோட்டைக் கண்டுபிடிச்சு, நேர்ல போய் அந்த வாய்க்கால் இன்னும் இருக்கான்னு பாருங்க. வரைபடத்துல இருந்து தரையில இல்லன்னா, பைக்கைத் திருப்பிடுங்க.

இந்த ஊரோட அமைதி, பசுமை, சாயங்காலம் கூட்டமா வந்து இறங்குற கொக்கு, எல்லாம் அந்தச் சில அங்குல சரிவு குடுத்தது. நாம வந்து சேர்றப்போ அதுவும் இருக்கணும்ல?

அடுத்த எபிசோடுல ஒரு கொள்முதல் நிலையத்துல மூட்டை தூக்குறவரோட பேசப் போறோம். உங்க ஊர்ல தண்ணி எந்தத் தேதியில வரும், யார் முடிவு பண்றாங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க.