திருச்சி வந்ததும் எழுப்புங்க

நிமிடத்துக்கு 6,000 சுற்று வேகத்தில் ஓடும் பைக் எஞ்சினில், கிராங்க் ஷாஃப்ட் ஒரு முழுச் சுற்று சுற்ற 10 மில்லி நொடிதான் ஆகிறது. அதில் ஒரு டிகிரி திரும்ப 28 மைக்ரோ நொடிகூட ஆவதில்லை. பிளக்கில் பொறி விழும் நேரம் சில டிகிரி பிந்தினால் இழுவை குறையும். அளவுக்கு மீறி முந்தினால் எஞ்சின் தட்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் நம் ஊர்ப் புது பைக்குகள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலை எப்போது, எவ்வளவு நேரம் பீய்ச்சுவது என்பதை மெக்கானிக்குகள் ஈ.சி.யூ. என்று சொல்லும் சின்னப் பெட்டி பார்த்துக்கொள்கிறது.

அந்தப் பெட்டிக்குள் நேரம் எங்கிருந்து வருகிறது? கைக்கடிகாரத்தில் இருப்பதுபோல ஒரு படிகத்தின் அதிர்விலிருந்துதான். குவார்ட்ஸ் கடிகாரத்தில் அது நொடிக்கு 32,768 முறை துடிக்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று மிஞ்சும். எஞ்சின் பெட்டியில் உள்ள சிப்பின் துடிப்பு இதைவிடப் பல மடங்கு வேகம்.

இந்தத் துடிப்பைப் பயன்படுத்த எளிய வழி ஒன்று உண்டு. நொடிக்கு 100 முறை மணி அடித்து, ஒவ்வொரு மணிக்கும் யாருக்காவது நேரமாகிவிட்டதா என்று பார்ப்பது. விளக்கை மினுக்க இது தாராளமாகப் போதும். எஞ்சினுக்குப் போதாது, இரண்டு மணிகளுக்கு நடுவே கிராங்க் ஒரு முழுச் சுற்றே சுற்றிவிடும்.

மற்றொரு வழி, இரவுப் பேருந்தில் ஏறி, "திருச்சி வந்ததும் எழுப்புங்க" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டுத் தூங்குவது. சிப்பில் கவுண்டர் ஓடிக்கொண்டே இருக்கும். எந்த எண் வந்ததும் எழுப்ப வேண்டும் என்று புரோகிராம் எழுதி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கும். அந்த எண்ணை ஓடும் எண்ணோடு ஒப்பிடுவது சிப்பின் வன்பொருள். இரண்டும் பொருந்தியதும், நடக்கும் வேலையை நிறுத்தி, சொல்லிவைத்த வேலையை அழைக்கும். அதுதான் கால்பேக். துல்லியம் மில்லி நொடியிலிருந்து மைக்ரோ நொடிக்கு இறங்கிவிடுகிறது.

ஒரு கண்டக்டர், பல பயணிகள் என்றால்? இதற்கு மிக அழகான விடையை 1960-களிலேயே கண்டுவிட்டார்கள். நிலவுக்குப் போன அப்போலோ கலங்களின் கணினியில் எழுதி அழிக்கும் நினைவகம் மொத்தம் 2,048 சொற்கள்தான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் ஹால் லேனிங் வடிவமைத்த 'வெயிட்லிஸ்ட்' என்ற புரோகிராம் அதற்குள் ஒன்பது வேலைகள்வரை வரிசையில் வைத்தது. அலாரமாக நின்றது ஒரே ஒரு கவுண்டர். 10 மில்லி நொடிக்கு ஒருமுறை ஒன்று கூடும்.

மூன்று வேலைகள் 2, 5, 9 நொடிகளில் நடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் வைத்திருப்பது இடைவெளிகளை மட்டும்: 2, 3, 4. கடிகாரத்தில் முதல் 2 மட்டும் ஏறும். நடுவில் ஆறாவது நொடிக்கு ஒரு புது வேலை வந்தால், கடைசி 4 என்பது 1, 3 என்று பிரிந்து இடம் கொடுக்கும். மற்ற எதையும் தொட வேண்டாம். அவ்வளவு சிறிய நினைவகத்தில் இதைவிடச் சிக்கனமாகச் செய்திருக்க முடியுமா என்று தோன்றவில்லை. கலத்தைத் திருப்பும் சிறு ராக்கெட்டுகளை அணைக்க மட்டும் 10 மில்லி நொடிக் கணக்கு போதவில்லை. அதற்கென்று நொடிக்கு 1,600 முறை எண்ணும் தனிக் கவுண்டர் ஒன்றை வைத்தார்கள்.

ஒரு நிபந்தனை கண்டிப்பாக இருந்தது. வெயிட்லிஸ்டில் எழும் வேலை சில மில்லி நொடிகளில் முடிந்துவிட வேண்டும். நீண்ட கணக்கென்றால் 'எக்ஸிக்யூட்டிவ்' என்ற வேறொரு பகுதியிடம் ஒப்படைக்க வேண்டும். எழுப்பிய பயணியோடு கண்டக்டர் கதை பேச உட்கார்ந்தால் அடுத்தவர் தன் ஊரைத் தாண்டிப் போய்விடுவார். பொழுதுபோக்காகக் கருவிகள் செய்பவர்கள் இன்று விரும்பி வாங்கும் இ.எஸ்.பி. 32 சிப்பிலும் இதே கதைதான். அதன் டைமர் மைக்ரோ நொடிக் கணக்கில் எண்ணுகிறது, ஆனால் கால்பேக்குகள் வழக்கமாக ஒன்றன்பின் ஒன்றாகவே அழைக்கப்படுகின்றன. ஒரு கால்பேக் மெமரி கார்டில் எழுத உட்கார்ந்தால், பின்னால் நிற்பவை எல்லாம் தாமதமாகும். கால்பேக் 'வேலை வந்திருக்கிறது' என்று ஒரு கொடியை மட்டும் உயர்த்திவிட்டு வெளியே வருவதே சரி.

கவுண்டர் நிரம்பி வழிவதையும் சொல்ல வேண்டும். 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் போயிங் 787 விமானங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால், உள்ளே ஒரு கவுண்டர் நிரம்பி, விமானத்தின் ஏ.சி. மின்சாரம் முழுவதும் போய்விடலாம் என்பதால், அவ்வப்போது அணைத்துப் போடச் சொன்னார்கள்.

கருவிகள் செய்து பழகுபவர்கள் பயன்படுத்தும் ஆர்டுயினோ பலகையின் மில்லி நொடிக் கவுண்டரும் 49.7 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். முடியவேண்டிய நேரத்தைக் கூட்டி வைத்து, இப்போதைய நேரம் அதைத் தாண்டியதா என்று பார்க்கும் புரோகிராம் அந்தக் கணத்தில் குழம்பும். இப்போதைய எண்ணிலிருந்து தொடங்கிய எண்ணைக் கழித்துப் பார்க்கும் புரோகிராமுக்கு ஒன்றும் ஆகாது. இரவு 11 மணிக்குப் படுத்து 2 மணிக்கு விழித்தவர், கடிகாரம் 12-ஐத் தாண்டி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியதால் குழம்புவதில்லை. மூன்று மணி நேரம் தூங்கியதாகத்தான் சொல்வார்.