பரப்பி வைத்தால் கூடுமா?

உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த தம்பியோ தங்கையோ இருந்தால் இந்தச் சிறு சோதனையைச் செய்து பாருங்கள். செலவு ஒன்றும் இல்லை. பன்னிரண்டு புளியங்கொட்டைகள் போதும். ஆறு கொட்டைகளை வரிசையாக வையுங்கள். அவற்றுக்கு நேர் எதிரே, ஒன்றுக்கு ஒன்றாக, மீதி ஆறையும் வையுங்கள். "ரெண்டு வரிசையிலும் சமமா இருக்கா?" என்று கேளுங்கள். "ஆமாம்" என்பாள் தங்கை. இப்போது அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வரிசையை மட்டும் அகலமாகப் பரப்பி வைத்துவிட்டு, அதே கேள்வியை மறுபடியும் கேளுங்கள்.

"இதுலதான் நிறைய இருக்கு!" என்று அவள் நீண்ட வரிசையைக் காட்டக்கூடும். சிரித்துவிடாதீர்கள். அவள் நூறு வரை தடையின்றிச் சொல்லக்கூடியவளாகவும் இருக்கலாம்; அதனால் வியப்பு இன்னும் கூடும்.

நூறு வரை சொல்வது வேறு, எண்ணுவது வேறு. சொல்வது பாட்டுப் பாடுவதைப் போன்றது. எண்ணும்போதோ ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு சொல்தான். எதையும் விட்டுவிடக் கூடாது, எதையும் இருமுறை தொடக் கூடாது. கடைசியில் சொன்ன "ஆறு" என்பது கடைசிக் கொட்டையின் பெயர் அன்று, குவியல் முழுவதற்கும் உரியது. இது நமக்கு மிக எளிது. ஆனால் மூன்று வயதுக் குழந்தை ஒன்று ஆறு கொட்டைகளைச் சரியாக எண்ணி முடித்ததும், "மொத்தம் எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது மறுபடியும் "ஒண்ணு, ரெண்டு" என்று தொடங்கிவிடும். ரோச்செல் கெல்மனும் சார்லஸ் கேலிஸ்டலும் 1978இல் வெளியிட்ட நூலில், எண்ணுதல் என்னும் இந்தச் 'சிறிய' செயலுக்குள் இருக்கும் விதிகளைப் பிரித்துக் காட்டினார்கள்.

புளியங்கொட்டைச் சோதனை போன்றவற்றை உலகறியச் செய்தவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ழான் பியாஜே (1896-1980). இவர் இளமையில் நத்தைகளை ஆராய்ந்தவர். பிறகு பாரிசில், குழந்தைகளின் அறிவுத்திறனை அளக்கும் சோதனைகளைத் தரப்படுத்தும் வேலை இவருக்குக் கிடைத்தது. சரியான விடைகளை எண்ணி மதிப்பெண் போடுவதுதான் அங்கே வேலை. இவருக்கோ தவறான விடைகளின் மேல் கண் போயிற்று. ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே மாதிரியான தவறுகளைச் செய்தார்கள்! அப்படியானால் அவை கவனக்குறைவால் வந்தவையாக இருக்க முடியாது. அவற்றின் பின்னால் ஏதோ ஒரு சிந்தனை முறை இருக்க வேண்டும் அல்லவா? அந்தக் கேள்வியே அவருடைய வாழ்நாள் பணியாயிற்று. அலினா ஷெமின்ஸ்காவுடன் சேர்ந்து, குழந்தைகளிடம் எண் பற்றிய அறிவு தோன்றும் விதத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1941இல் வெளிவந்தது.

இதையெல்லாம் நான் காலம் கடந்துதான் படித்தேன். என் மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் மாலை, "இருபத்தைந்து எழுது" என்றேன். 205 என்று எழுதினாள். இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்ற நான் உடனே செய்த காரியம் என்ன தெரியுமா? தலையில் ஒரு குட்டு வைத்தேன். அழித்துவிட்டு 52 என்று எழுதினாள். பிறகு 250. ஒவ்வொரு முறையும் அவள் பார்த்தது நோட்டை அன்று, என் முகத்தை.

அவள் எழுதிய 205ஐச் சற்று எண்ணிப் பாருங்கள். இருபது என்றால் 20, ஐந்து என்றால் 5; காதில் விழுந்தபடியே எழுதியிருக்கிறாள். நம் முன்னோரும் ஏறக்குறைய அப்படித்தானே எழுதினார்கள்? பழைய தமிழ் எண்களில் பத்துக்கு ௰ என்று தனிக் குறி உண்டு. இருபத்தைந்தை ௨௰௫, அதாவது இரண்டு, பத்து, ஐந்து என்று எழுதுவார்கள். இன்று நாம் எழுதும் முறையில் அந்தப் பத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. 2 நிற்கும் இடத்தில் மறைந்துகொண்டிருக்கிறது. ஒரே 2, ஓரிடத்தில் இரண்டு, இன்னோரிடத்தில் இருபது! மனித குலம் பல நூற்றாண்டுகளில் கண்டுபிடித்த தந்திரத்தை, ஜூனில் பள்ளிக்கு வந்த பிள்ளை அரையாண்டுத் தேர்வுக்குள் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். பெரும்பாலான பிள்ளைகள் எப்படியோ பிடித்தும்விடுகிறார்கள். ஆனால் குட்டு வாங்கிய பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது இடமதிப்பை அன்று, அப்பாவின் புருவத்தைப் படிக்க.

இது வெறும் வீட்டுக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். பியாஜேயின் சோதனைக்கே இந்தச் சிக்கல் உண்டு. 1970களில் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் மெக்காரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் அதைச் சற்று மாற்றிச் செய்தார்கள். வரிசையைக் கலைத்தவர் பெரியவர் அல்லர். பெட்டிக்குள்ளிருந்து தாவி வந்த 'குறும்புக்காரக் கரடி' பொம்மை. அது 'தற்செயலாக' ஒரு வரிசையைக் கலைத்துவிடும். அதன்பின் அதே கேள்வி. இப்போது "சமம்தான்" என்று சரியாகச் சொன்ன குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் கூடியது. காரணம் என்ன? பெரியவர் ஒருவர் தம் கையால் வரிசையை மாற்றிவிட்டு, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டால், "முன்பு சொன்ன பதில் சரியில்லை போலும், வேறு பதிலை எதிர்பார்க்கிறார்" என்று குழந்தை நினைத்துவிடுகிறது. கரடியிடம் அந்தப் பயம் இல்லை! ஆகவே நீங்களும் முதலில் சொன்னபடி ஒரு முறையும், பூனை பொம்மையோ கரடி பொம்மையோ வைத்து ஒரு முறையும் செய்து பாருங்கள். இரண்டும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு பிள்ளைகளிடம் செய்வது நல்லது.

படிப்பிலும் இந்த ஆண்டில் ஒரு விந்தை நடக்கிறது. ஒரு குவளையின் பிடி வலப்பக்கம் இருந்தாலும் இடப்பக்கம் இருந்தாலும் அது அதே குவளைதான். குழந்தையின் மூளை பிறந்ததிலிருந்து பழகிய பாடம் இது. இல்லாவிட்டால் திரும்பி நிற்கும் பசுவை வேறொரு பசு என்று நினைத்துவிடும் அல்லவா? பள்ளிக்கு வந்ததும் அந்தப் பாடத்தை எழுத்துக்கு மட்டும் மறக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தின் சிறிய 'பி' எழுத்தைத் திருப்பிப் போட்டால் 'டி' ஆகிவிடும்! 3, 7 ஆகியவற்றைக் கண்ணாடியில் பார்த்தது போலத் திருப்பி எழுதும் பிள்ளைக்குக் கண்ணிலும் குறையில்லை, மூளையிலும் குறையில்லை. தமிழ் படிக்கும் பிள்ளைக்கு வேறொரு தொல்லை. 'கெ' என்பதில் கண் முதலில் காண்பது கொம்பை; வாய் முதலில் சொல்வதோ 'க்' என்னும் மெய்யை. 'கொ' என்றால் உயிர்க்குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கும்.

பிரான்சில் ஆறு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரை, பள்ளியின் முதல் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை, காந்த அதிர்வுக் கருவியில் படுக்க வைத்து மூளையைப் படம் பிடித்தார்கள். ஆய்வு 2018இல் வெளியாயிற்று. பள்ளி தொடங்கிய சில மாதங்களிலேயே, இடப்பக்க மூளையின் பின்புறத்து அடிப்பகுதியில், எழுதிய சொற்களைக் கண்டால் சுறுசுறுப்படையும் ஒரு சிறு பகுதி தோன்றிவிட்டது. முன்பு அப்படி ஒன்று அங்கே இல்லை. முகங்களை அறியும் பகுதியை அது தள்ளிவிடவும் இல்லை. பக்கத்தில் அவ்வளவாக வேலை இல்லாதிருந்த இடத்தில் வந்து அமர்ந்துகொண்டது.

என் மகளிடம் ஜூனில் இன்னொரு சோதனையும் செய்திருந்தேன். ஒரே மாதிரியான இரண்டு அகலமான கண்ணாடி டம்ளர்களில் சமமாகத் தண்ணீர். ஒன்றிலிருந்ததை ஒடுக்கமான உயர்ந்த டம்ளரில் ஊற்றினேன். உயர்ந்ததில்தான் அதிகம் என்றாள். ஏப்ரலில், பள்ளி மூடும் சமயத்தில், மறுபடியும் ஊற்றினேன். இம்முறை என் முகத்தைப் பார்க்கவில்லை. "அதே தண்ணிதானேப்பா? நீங்க ஒண்ணும் ஊத்தவும் இல்ல, கொட்டவும் இல்ல" என்றாள்.

கல்லூரிக் கரும்பலகையில் நான் நிறை அழிவின்மை விதியை எழுதும்போது முதலில் சொல்லும் நிபந்தனையும் அதுதான்: அமைப்புக்குள் வெளியிலிருந்து எதுவும் வரக் கூடாது, வெளியே எதுவும் போகக் கூடாது. அவளுடைய பாடப் புத்தகத்தில் இது எந்தப் பாடத்திலும் இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏப்ரலிலேயே வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. சிலருக்கு முன்பே வரும். சிலருக்கு இரண்டாம் வகுப்பிலும் வராது.

அதோடு வேலை முடிந்துவிடுவதும் இல்லை. வடிவம் மாறினாலும் பொருளின் அளவு மாறாது என்பது ஏறத்தாழ ஏழு, எட்டு வயதில் புரிந்தாலும், எடை மாறாது என்பது ஒன்பது, பத்து வயதில்தான் புரிகிறது என்று பியாஜேயும் பார்பெல் இன்ஹெல்டரும் கண்டார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்தியவற்றுள் ஒன்று தண்ணீரில் கரையும் சர்க்கரை. நீங்களும் உங்கள் பள்ளி ஆய்வகத் தராசில் செய்து பார்க்கலாம். ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு தாளில் ஒரு கரண்டி சர்க்கரை, அந்தக் கரண்டி ஆகிய எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். சர்க்கரையைச் சிந்தாமல் தண்ணீரில் கொட்டிக் கலக்குங்கள். தாளையும் கரண்டியையும் விட்டுவிடாமல் மறுபடியும் நிறுங்கள். ஆனால் இரண்டாம் முறை நிறுப்பதற்கு முன், கூட இருக்கும் நண்பர்களிடம், என்ன எடை காட்டும் என்று தனித்தனியே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் இதைக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் ஒருவரிடம் கேட்டேன். "கரைஞ்சு போச்சே சார், கொஞ்சம் குறையத்தானே செய்யும்?" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.