மலைச்சாலையில் ஒரு மிதிவண்டிப் பந்தயம்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

மிதிவண்டி என்றதும் ராயகிரிப் பக்கத்தாருக்கு நினைவு வருவது பால் கேனும், புளியங்குடிச் சந்தைக்குப் போகும் எலுமிச்சை மூட்டையும், பதினோராம் வகுப்பில் அரசு தந்த இலவச வண்டியுமே. அதே வண்டியை மிதிப்பதையே தொழிலாகக் கொண்டு சம்பளம் பெறுவோர் ஐரோப்பாவில் நூற்றுக்கணக்கில் உள்ளனர். அவர்கள் ஓடும் பெரிய ஒருநாள் பந்தயங்களுள் மூத்ததைப் பற்றி இங்கே காண்போம்.

பெல்ஜியம் நாட்டில் லியேஜ் நகரிலிருந்து புறப்பட்டு, தெற்கே பஸ்தோன் என்ற ஊரைத் தொட்டு, மீண்டும் லியேஜுக்கே திரும்ப வேண்டும். ஊர்ப் பெயர்களே பந்தயத்தின் பெயர்: லியேஜ்–பஸ்தோன்–லியேஜ். முதலில் நடந்தது 1892-இல். வென்றவர் லேயோன் ஊவா. பஸ்தோனைத் திரும்புமிடமாகக் கொண்டதன் காரணம் வேடிக்கையானது. பந்தய நடுவர்கள் ரயிலில் போய்வர அதுவே வசதியாம்! 1894 முதல் தொழில்முறை வீரர்கள் கலந்து கொண்டனர். பெண்களுக்கோ 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எட்டி மெர்க்ஸ் என்ற பெல்ஜிய வீரர் ஐந்து முறை வென்றிருக்கிறார்.

தூரம் சுமார் 250 கிலோமீட்டர். வழியிலுள்ள ஆர்டென் மலைகள் 700 மீட்டரைக்கூட எட்டாதவை. நம் ஊருக்கு மேற்கே நிற்கும் மலைகளின் முன் அவை வெறும் குன்றுகள். ஆனால் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒரே நாளில் ஏறும் மொத்த உயரம் 4000 மீட்டரைத் தாண்டுகிறது. கடினமான மேடுகள் பெரும்பாலும் திரும்பும் வழியில், கால் ஓய்ந்த பிறகு வருகின்றன.

இவற்றுள் பெயர் பெற்றது லா ரெதூத் என்னும் மேடு. நீளம் சுமார் 2 கிலோமீட்டர். சராசரியாக 100 மீட்டர் சென்றால் 9 மீட்டர் உயர்கிறது. வீரரும் வண்டியும் சேர்ந்து 75 கிலோ என்றும், வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர் என்றும் கொள்வோம். புவியீர்ப்பை வெல்ல மட்டும் ஏறத்தாழ 330 வாட் திறன் வேண்டும். பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது விதி. 20 கிலோ எடையுள்ள நம் வீட்டு வண்டியில் இதே வேகத்தில் ஏறினால் இன்னும் 58 வாட் கூடுதலாகும். அதன் கேரியரில் மூட்டையும் இருந்தால் என்னவாகும் என்பதை நண்பர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்!

சமதளத்தில் கதை வேறு. அங்கே எதிரி காற்று. வேகம் இரு மடங்கானால் காற்றை எதிர்க்கும் திறன் எட்டு மடங்காக வேண்டும். ஆடி மாதத்தில் செங்கோட்டைக் கணவாய்க் காற்றை எதிர்த்து மிதித்தவர்களுக்கு இதற்குச் சூத்திரம் தேவையில்லை. முன்னே செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்டிச் சென்றால் உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். ஆகவேதான் இது அணியாக ஓடும் பந்தயம். அணிக்கு ஏழு பேர். பெரும்பாலும் ஒருவரை வெல்ல வைக்கவே மற்றவர்கள் ஓடுகிறார்கள். மணிக்கணக்கில் காற்றை மறைப்பதும், தண்ணீர்ப் புட்டிகளைச் சுமந்து வருவதும், தலைவரின் சக்கரம் பழுதானால் தம் சக்கரத்தைக் கழற்றித் தருவதும் அவர்கள் வேலை. மேடு செங்குத்தானால் வேகம் குறையும், மறைப்பும் பயன்படாது. வேலை முடிந்த துணைவர்கள் பின்தங்கிவிடுவர். சிலர் எல்லைக் கோட்டை அடைவதே இல்லை. செய்தித்தாளில் வருவது வென்றவரின் பெயர். என் அண்ணன் பத்தாம் வகுப்போடு நின்று செங்கல் சூளைக்குப் போனதால் நான் கல்லூரிக்கு வந்தேன். ஆகையால் இவ்விஷயத்தில் என்னை நடுநிலையாளன் என்று கொள்ள வேண்டாம்.

1980-ஆம் ஆண்டுப் பந்தயத்தை மட்டும் சொல்லியே ஆக வேண்டும். நமக்குச் சித்திரை வெயில் கொளுத்தும் ஏப்ரலில் அங்கே பனி கொட்டியது. புறப்பட்ட 174 பேரில் முடித்தவர்கள் 21 பேர்தான். பிரெஞ்சு வீரர் பெர்னார் ஈனோ கடைசி 80 கிலோமீட்டரைத் தனியாகவே மிதித்து, 9 நிமிடத்துக்கும் மேலான இடைவெளியில் வென்றார். குளிரில் விறைத்த அவருடைய வலக்கை விரல்கள் இரண்டு பிறகு முழுமையாகக் குணமாகவில்லை.

நம் மாநிலத்தில் இத்தகைய தொழில்முறைப் பந்தயம் இல்லை. 2008-இல் தொடங்கிய நீலகிரி மிதிவண்டிப் பயணம் ஓரளவு அருகில் வருகிறது. அது பல நாள் பயணம். சில பகுதிகளில் மட்டுமே நேரம் கணக்கிடுவர். மசினகுடியிலிருந்து உதகை நோக்கி ஏறும் கல்லட்டிச் சாலை அதில் பேர்போனது. 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அச்சாலையில் ஏறுவோரில் பலர் வேறு வேலை பார்ப்பவர்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து மிதிக்கிறார்கள்.