குளோரின் கணக்கில் பொய் எழுதினால் என்ன ஆகும்? தண்ணீர் ஆபரேட்டர்களுக்கான விதிகள் சொல்வது இதுதான்!

ஊத்தங்கரை பக்கத்துக் கல்லாவி மாதிரி ஊர்களில் காலையில் குழாயைத் திறந்ததும் தண்ணி வருகிறதா? அதற்கு முன்பே ஒருவர் மோட்டார் போட்டு, மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, குளோரின் கலந்து, வால்வைத் திறந்திருப்பார். அவர்தான் டேங்க் ஆபரேட்டர். அவர் கடமை தவறினால்?

கனடாவில் நடந்தது என்ன?

2000 மே மாதம். ஒன்டாரியோ மாகாணத்தின் வாக்கர்ட்டன் என்ற சிறு நகரம். கனமழையில், மாட்டுச் சாணத்தில் இருந்த ஈ கோலை கிருமி குடிநீர்க் கிணறு ஒன்றில் இறங்கியது. 7 பேர் இறந்தார்கள். சுமார் 2,300 பேர் நோயில் விழுந்தார்கள்.

ஆபரேட்டர்கள் குளோரின் அளவைச் சரியாகச் சோதிக்காமலே பல வருடங்களாகப் பதிவேட்டில் பொய்யான எண்களை எழுதிவந்தது விசாரணையில் தெரிந்தது. அவர்களிடம் உரிமம் இருந்தது. ஆனால் அது தேர்வு வைக்காமல், பழைய அனுபவத்துக்காகக் கொடுத்த உரிமம்! 2004-ல் மேலாளருக்கு ஓராண்டு சிறை, அவருடைய தம்பிக்கு ஒன்பது மாத வீட்டுக்காவல். செலவைக் குறைத்து, கண்காணிப்பைத் தளர்த்திய மாகாண அரசையும் விசாரணை ஆணையம் விட்டுவைக்கவில்லை.

உரிமம் எப்போது பறிபோகும்?

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1999-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஆபரேட்டரின் சான்றிதழை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் மாநிலங்களுக்கு அதிகாரம் இருக்க வேண்டும். காரணங்கள்:

• மோசடியாகச் சான்றிதழ் வாங்குவது
• பதிவேட்டில் பொய் எழுதுவது
• கடும் அலட்சியம்
• வேலை தெரியாமை

கருவி பழுதாவது வேறு. பழுதை மறைத்து 'எல்லாம் சரி' என்று எழுதுவது வேறு. இரண்டாவதுதான் உயிரை எடுக்கும்.

நம்ம ஊரில்?

இங்கே ஆபரேட்டரை நியமிப்பது ஊராட்சி. அவருக்கெனத் தனி உரிமத் தேர்வு கிடையாது. உரிமமே இல்லாதபோது பறிக்க என்ன இருக்கிறது? ஆனால் பயிற்சியும் சோதனைக் கருவியும் தராமல் அவரை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை.

நாம் என்ன செய்யலாம்?

குளோரின் கலந்த குடிநீர் குழாய்க்கு வரும்போது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500. மார்ச் 22 உலக தண்ணீர் தினத்தன்று தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. அன்று இரண்டே கேள்வி கேளுங்கள்: "குளோரின் பதிவேடு எங்கே? இந்தக் குழாய்த் தண்ணியை இப்பவே சோதிச்சுக் காட்டுவீங்களா?"

பதிவேட்டில் இருக்கும் எண்ணும் குழாயில் வரும் எண்ணும் ஒத்துப்போனால் நிம்மதி. இல்லையென்றால் கேள்வி அங்கிருந்துதான் ஆரம்பம்.