வலி போனால் போதுமா?

குன்னூர்த் தேயிலைச் சரிவில் ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போதோ முழங்கால் வலிக்கும். கவனித்திருக்கிறீர்களா? ஒவ்வோர் அடியிலும், விழ முனையும் உடலைத் தடுத்து நிறுத்துவது முழங்கால்தான்.

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து குதிப்பதாக வைத்துக்கொள்வோம். தரையைத் தொட்டபின் உடல் 25 செ.மீ. தாழுமாறு முழங்காலை மடக்கினால், கால்கள் தாங்கும் சராசரி விசை உடல் எடையைப்போல் 5 மடங்கு. 5 செ.மீ. மட்டுமே தாழ்ந்தால் 21 மடங்கு!

ஜிம்னாஸ்டிக்ஸில் 'வால்ட்' செய்பவர் சுழன்றபடியே வந்து இறங்க வேண்டும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் இப்பிரிவில் நான்காம் இடம் பெற்றவர் திரிபுராவின் தீபா கர்மாகர். மறு ஆண்டு ஏப்ரலில் அவருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் முன்சிலுவைத் தசைநாரில் காயம்.

இச்சிகிச்சையில் பெரும்பாலும் நோயாளியின் உடலிலிருந்தே ஒரு தசைநாணை எடுத்துப் பொருத்துவார்கள். விந்தை என்னவென்றால், தொடக்கத்தில் சில மாதங்கள் அது வலுவிழக்கிறது! பழைய செல்கள் மடிந்து, புதிய இரத்தக் குழாய்களும் செல்களும் தோன்றிய பிறகே மெல்ல உறுதிப்படுகிறது. வலியோ முன்பே குறைந்துவிடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஆகவே முதலில் காலை மடக்கி நீட்டுதல், பிறகு தொடைத் தசைப் பயிற்சி, அப்புறம் ஓட்டம், சிறு குதிப்பு, கடைசியில்தான் வால்ட். களத்துக்குத் திரும்பப் பொதுவாக 9 மாதங்களாவது காத்திருக்கச் சொல்வார்கள். தீபா காத்திருந்தார். 2018 ஜூலையில் துருக்கியின் மெர்சின் நகரில் உலகச் சவால் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார்.

சிகிச்சை முடிந்த நண்பன், "வலியே இல்லை, விளையாட வருகிறேன்" என்கிறானா? வலி நின்றது, நார் தேறியதற்குச் சான்றாகாது என்று அவனுக்குச் சொல்லுங்கள்.