முறிவதற்கென்றே ஓர் ஆணி

பாரிஸுக்கு வடக்கே, பொவே நகரை அண்டிய கிராமம் ஒன்றுக்குச் சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று போயிருந்தோம். மாஸி பெர்குசன் உழவு இயந்திரங்கள் 1960களிலிருந்து உற்பத்தியாகிவரும் நகரம் பொவே. எம்மை அழைத்துச் சென்றவர் 1990களில் கிளிநொச்சியில் உழவு இயந்திரம் திருத்தும் பட்டறை வைத்திருந்தவர். அறுபதைக் கடந்துவிட்ட அவர் இப்போது பாரிஸில் உணவகமொன்றில் கோப்பை கழுவுகிறார். வேலை தேடிச் சென்ற இடத்தில் தொழிற்பயிற்சிச் சான்றிதழ் கேட்டார்களாம். பட்டறையே எஞ்சவில்லை, சான்றிதழுக்கு எங்கே போவது?

கிராமத்து முதிய கமக்காரர் ஒருவரிடம் மாஸி பெர்குசன் 35 ஒன்று நிற்கிறது. 1964இல் 135 வெளிவந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்றால், அதன் வயதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். இயந்திரத்தில் குறையேதும் இல்லை. அதன் பின்னாற் பூட்டும் புதர் வெட்டியைச் சுழற்றும் தண்டுதான் முறிந்து கிடந்தது.

இத்தண்டின் இரு முனைகளிலும் கவை போன்ற இரண்டிரண்டு உறுப்புகள் உண்டு. அவற்றை இணைப்பது சிலுவை வடிவான ஓர் இரும்புத் துண்டு. பிரெஞ்சுக்காரர் முழுத் தண்டையுமே ‘கார்டான்’ என்பர். 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயர் அது. ஆங்கிலேயரோ 17ஆம் நூற்றாண்டின் ரொபேர்ட் ஹூக்கை இம்மூட்டுக்கு உரியவராக்குவர். பல்கலைக்கழகத்தில் இம்மூட்டின் சமன்பாட்டை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியிருக்கிறோம். கையில் எடுத்துப் பார்த்தது இதுவே முதற்றடவை.

தண்டு சரிவாக நின்று சுழலும்போது ஒரு மூட்டு மட்டும் இருந்தால், மறுமுனை ஒரே சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரையும், இருமுறை தளரும். இரண்டாவது மூட்டு அந்த ஏற்றத்தாழ்வை அழித்துவிடும். ஆனால் நடுத்தண்டின் இரு கவைகளும் ஒரே தளத்தில் நிற்கவேண்டும். இருபுறச் சரிவும் ஒத்திருக்கவேண்டும். இந்தப் பழைய தண்டு சதுரக் குழாயினுள் சதுரக் கம்பி ஓடும் வகையைச் சேர்ந்தது. நான்கு விதமாகவும் நுழையும். அவற்றுள் இரண்டு பிழை. முன்பு யாரோ பிழையாக நுழைத்திருந்தார்கள். ஏற்றத்தாழ்வு அழிவதற்குப் பதிலாகப் பெருகி, சிலுவையின் முனைகளை அரித்திருந்தது.

அதையும் விஞ்சிய தவறு ஒன்று இருந்தது. வெட்டியின் பக்கத்துக் கவையில், முறிவதற்கென்றே மெல்லிய போல்ட் ஒன்று பூட்டப்படும். கத்தி கல்லிலோ குற்றியிலோ அடித்தால் அது அறுந்து மற்றவற்றைக் காக்கும். அடிக்கடி அறுகிறதே என்று சலித்த கமக்காரர், தலையில் 10.9 என்று பொறித்த கடும் உருக்குப் போல்ட் ஒன்றை மாட்டியிருந்தார். அடுத்த குற்றியில் போல்ட் தப்பியது. சிலுவை உடைந்தது, ஒரு கவையும் வெடித்தது.

நம்மவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தோம். சிரிக்கவில்லை.

வடக்கிற்கு எரிபொருளும் உதிரிப்பாகங்களும் தடைசெய்யப்பட்டிருந்த 1990களில், சுழல் கலப்பையொன்றின் இதே ஆணி அறுந்து அவரது பட்டறைக்கு வந்ததாம். “கிடைச்ச உருக்குக் கம்பியை வெட்டிப் பூட்டிக் குடுத்தது நான்தான் தம்பி. பாலைக் குற்றியிலை பட்டு கியர்ப்பெட்டிப் பல்லெல்லாம் போட்டுது. அந்தக் காலபோகம் அந்தச் சனம் விதைக்கேல்லை.” அங்கே பொருளில்லாமல் செய்தது, இங்கே ஒரு யூரோவும் பெறாத போல்ட் கடையில் கிடைக்கும்போதும் நடந்திருக்கிறது.

வெடித்த கவையை ஒட்டித் தரும்படி கமக்காரர் கேட்டார். இவர் மறுத்துவிட்டார். அவ்வகை உருக்கில் ஒட்டிய இடத்தை அடுத்த பகுதி, சூடாகி ஆறும்போது நொறுங்கும் தன்மை பெறும். சுமை ஏறியதும் அங்கேயே மீண்டும் வெடிக்கும். கொட்டிலில் துருப்பிடித்துக் கிடந்த வேறொரு தண்டிலிருந்து பொருத்தமான கவையைக் கழற்றினார். புதிய சிலுவையின் கிண்ணங்களுள் ஊசி போன்ற சிற்றுருளைகள் கிறீஸில் ஒட்டி வரிசையாய் நிற்கும். ஒன்று சரிந்தாலும் கிண்ணம் முழுதாக இறங்காது. பூட்டு வளையம் தன் பள்ளத்தில் அமராது. ஒரு கிண்ணத்தை மூன்று தடவை வெளியே எடுத்துத் திரும்ப அடித்தார். அவசரப்படவில்லை.

தண்டின்மேல் இருந்த பிளாஸ்டிக் காப்புறையைத் தேடி எடுத்து மாட்டிய பின்பே இயந்திரத்தை இயக்க விட்டார். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் செக்கனுக்கு 9. சாரத்தின் நுனி அகப்பட்டால் விலகுவதற்கு நேரமிராது.

கைந்நூலில் குறித்த வகைப் போல்ட்டுகள் பத்தை ஒரு தகரப் பேணியிலிட்டு ஆசனத்தின் கீழே கம்பியால் கட்டினார். அயற்பண்ணையில் வைக்கோல் கட்டும் இயந்திரம் ஒன்றும் நின்றுவிட்டதென்றும் அடுத்த ஞாயிறு வரமுடியுமா என்றும் கமக்காரர் கேட்டார். அன்று உணவகத்தில் தமக்கு வேலை என்ற இவர், அதற்கடுத்த ஞாயிறு வருவதாக ஒப்புக்கொண்டார்.