வேட்பாளருக்குப் பணம் கொடுப்பவர் யார்?

தேர்தல் வந்துவிட்டால் தோட்டத்துச் சாலையெங்கும் கொடிகள்தாம். இவ்வளவுக்கும் பணம் ஏது?

1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டப்படி, நாடாளுமன்ற வேட்பாளர் 200,000 வெள்ளிவரைதான் செலவிடலாம், சட்டமன்றத்துக்கு 100,000. ஊராட்சி மன்றத் தேர்தலுக்கும் அதில் வரம்பு உண்டு. தேர்தல்தான் இல்லை! 1965இல் நிறுத்தப்பட்டது, 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தோடு நியமன முறையே நிலைத்தது.

இவை செலவுக்கான வரம்புகள். நன்கொடைக்கு வரம்பே கிடையாது. பால்மரம் சீவுகிறவர் 5 வெள்ளி கொடுப்பார். குத்தகைக்காரர் 50,000 கொடுப்பார். குப்பை லாரி, கால்வாய், தெருவிளக்குக் குத்தகைகளில் பல ஊராட்சி மன்றத்தில்தானே முடிவாகின்றன? தோட்டத்தை விட்டு டவுன் ஓரம் குடியேறிய நம் குடும்பங்களின் வாசலுக்கே வரும் விஷயம் இது.

ஊராட்சித் தேர்தல் மீண்டும் வேண்டுமென்று கேட்பவர்கள், நன்கொடை வரம்பையும் சேர்த்தே கேட்கட்டும்.